கொள்ளி வைத்த சனிக்கிழமை

ரெலிபோன் அடித்தபோது வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

நான். குசினி வாசலில் நின்று பூட்ஸுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி. அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

எங்கள் மகள். மூன்று வயது. மேசைக்குக் கீழே இருந்தாள்.

மனைவியின் அண்ணன், என் மச்சான். வீடு அவருடையது. ரெலிபோனும் அவருடையது. அவர்தான் எடுத்தார்.

மச்சானின் மனைவி. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

அணியில் என் பக்கத்தில் நின்று ஆடுகிற சமோவாக்காரன். விமான நிலையத்தில் வேலை. வேலை முடிந்து, என்னைப் பயிற்சிக்கு ஏற்றிப்போக வந்திருந்தான். எங்கள் வீட்டுப் பழக்கம் தெரிந்தவன். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுக் காலுறையோடு சுவரோரம் நின்றான்.

வேறு ஒருவரும் இல்லை.

அழைத்தது என் அக்கா. கொழும்பிலிருந்து. மச்சான் இரண்டு சொல் கேட்டுவிட்டு முகம் மாறி என்னிடம் தந்தார்.

"தம்பி, அப்பா இல்லையடா."

"ஆர் சொன்னது?"

"ஆமி அடிச்ச செல் வீட்டுக்கு மேல விழுந்ததாம். கிளாலிக் கடலால வள்ளத்தில வந்த ஒரு ஆள் சொல்லிச்சுது. ரெண்டு கிழமையாச்சாம்."

"உடம்பு?"

"நிண்ட சனம் அங்கயே எரிச்சுப்போட்டுதாம். முகம் கிகம் ஒண்டும் இல்லையாம்."

"சரி அக்கா."

"என்னடா சரி எண்டுறாய்?"

"சரி அக்கா. நீ சாப்பிடு."

போனை வைத்தேன். மச்சானின் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். என் மனைவி அரிசிச் சட்டியோடு அப்படியே கீழே இருந்துவிட்டாள். மச்சான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா ஊரில் தனியாகத்தான் இருந்தார். நான் ஒரே மகன்.

நான் அழவில்லை. எனக்கு அது ஆட்களுக்கு முன்னால் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கையில் இருந்த நாடாவைக் கடைசித் துளை வரைக்கும் கோத்து முடித்தேன். பிறகு சமோவாக்காரனிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். பெரிய உடம்பு. நான் அவன் முதுகில் தட்டினேன். "இண்டைக்கு வரேல்லை எண்டு கோச்சிட்டைச் சொல்லு" என்றேன்.

நான் ஆர் என்று சொல்ல வேண்டும். பெக் விளையாடினேன். கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, பந்து முடியவில்லை. கொழும்பில் ஒரு கொம்பனி தன் அணிக்கு ஆடுவதற்காக என்னைப் பிடித்துக் களஞ்சியத்தில் வேலை தந்தது. காலையில் மூட்டை, பின்னேரம் பந்து. அங்கே தமிழரைப் பிடிக்கத் தொடங்கியபோது இரண்டு தரம் பொலிஸ் கூட்டில் கிடந்தேன். மூன்றாம் தரத்துக்கு முன்னால் மச்சான் எங்களை ஒக்லாந்துக்கு எடுத்தார். அந்த நன்றி எனக்கு உண்டு. அதை அவரும் மறக்க விட்டதில்லை.

இங்கே ஒனிஹங்காவில் ஆட்டுத்தோல் பதனிடுகிற தொழிற்சாலையில் வேலை. உப்பும் கொழுப்பும். தேசிக்காய் தேய்த்தாலும் கையிலிருந்து மணம் போகாது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஆட்களோடு சும்மா ஆடினேன். அங்கே ஒரு கோச் என்னைப் பார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்தவர். கிழமை நாட்களில் பிளம்பர் வேலை. முதலில் தன் இரண்டாம் அணியில் போட்டார், பிறகு முதல் அணியில். முதல் அணியில் ஆடினால் ஒவ்வொரு ஆட்டம் முடியவும் ஒரு கவர் தருவார். சம்பளம் என்று அதைச் சொல்ல ஏலாது. ஆனால் பந்துக்குத் தந்த காசு. எங்கள் சனத்தில் ஒக்லாந்தில் பந்துக்குக் காசு வாங்கிய முதல் ஆள் நான் என்று நினைக்கிறேன். எனக்கு முன்னால் ஒருவர் இருந்திருந்தால் தெரியாது.

மூக்கு உடைந்தது. முன்பல் ஒன்று போனது. குளிர்காலத்தில் பந்து ஈரம் குடித்துச் செங்கல் மாதிரி வரும். அதைத்தான் தலையால் அடிக்க வேண்டும். பெக் நல்லாக ஆடினால் மைதானத்தில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு ஆரும் கை தட்டுவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அணியில் நான் கதைக்கிறது குறைவு. அதனால் சமோவாக்காரன் என்னை "புரொபெசர்" என்று கூப்பிடுவான். எட்டாம் வகுப்புப் புரொபெசர்.

மச்சானுக்குப் பந்து பிடிக்காது.

"பந்தால என்ன வரும் மச்சான்? முழங்கால் நோ வரும். வயசு போனாப்பிறகு கம்பு வரும்."

"காசும் வருது மச்சான்."

"அந்தக் காசு பிளாஸ்டருக்குக் காணுமோ?"

அக்கா அழைப்பதற்கு முந்திய கிழமை கோச் என்னையும் சமோவாக்காரனையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார். சில பணக்காரர்கள் சேர்ந்து அடுத்த வருடம் ஒக்லாந்தில் ஒரு முழுநேர அணி தொடங்குகிறார்கள். வேறு வேலை இல்லை, பந்து மட்டும். மாதச் சம்பளம். இரண்டு வருட ஒப்பந்தம். அவர்களுக்கு நடுவில் நிற்க இரண்டு பெக் வேண்டும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர்களுடைய ஆள் வருகிறான்.

"வேற இடத்தில தேடாதை, என்ர ரெண்டு பேரையும் பார் எண்டு சொல்லியிருக்கிறன்" என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். என்னைத் தனியாக நிறுத்தி இன்னும் ஒன்று சொன்னார். "உனக்கு இருபத்தொன்பது. இனி இப்பிடி ஒருத்தன் உன்னைப் பாக்க வரமாட்டான்."

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கை ஈரத்தைச் சீலையில் துடைத்தாள். பிறகு, "அப்ப நாங்கள் தனி வீடு பாக்கலாமோ?" என்றாள்.

"பாக்கலாம்."

"தோல் மணம் இராது, உங்கட சேட்டை என்ர உடுப்போட சேத்துத் தோய்க்கலாம்."

சிரித்தோம். அவள் அண்ணன் வீட்டில் ஐந்து வருடம் மெல்லச் சிரித்துப் பழகியவள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கத்தான் அக்கா அழைத்தாள்.

சாவு விழுந்தால் எங்களுக்குத் துடக்கு முப்பத்தொரு நாள். அதற்குள் கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை. உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஒரு உருவம் கட்டி, அதற்குக் கொள்ளி வைக்க வேண்டும். மகன்தான் வைக்க வேண்டும். மச்சான் அன்றைக்கே ஆள் தேடினார். அந்த நேரம் ஒக்லாந்தில் எங்கள் பக்கத்து ஐயர் ஒருவரும் இல்லை. பக்குரங்காவில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். தொழில் கணக்கு. தகப்பனிடம் மந்திரம் படித்தவர், லீவு நாட்களில் செய்து கொடுப்பார். மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

அவர் எல்லாம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாடிய யார் சார் பார்த்தாங்க? சொந்தக்காரங்க யாராவது?"

"ஊர்ச்சனம் பாத்தது" என்றார் மச்சான்.

"அவங்ககிட்ட நீங்க பேசினீங்களா?"

"யாழ்ப்பாணத்தில ரெலிபோன் இல்லை ஐயா. சண்டை நடக்குது."

"ஆமா, தெரியும். அதான் கேக்கறேன். தகவல் உறுதியா இல்லேன்னா கொஞ்ச நாள் பொறுத்துப் பண்றது நல்லது. அப்படித்தான் எங்கப்பா சொல்லுவார்."

மச்சானுக்குக் கோபம் வந்தது. "அவரின்ர வீட்டில, அவரின்ர கட்டிலில கிடந்த கிழவன் வேற ஆர்? ஆத்துமா அலையப்படாது ஐயா. நீங்கள் செய்வியளோ மாட்டியளோ?"

"பண்றேன். ஆனா சனிக்கிழமை காலைல மட்டும்தான் முடியும். வீக்டேஸ் ஆபீஸ். ஞாயிறு வேற வேலை. அதை விட்டா மூணு வாரம் என்னால நகர முடியாது, டாக்ஸ் டைம்."

அப்போதுதான் கேட்டேன். "காலமை செய்தா, பின்னேரம் நான் ஒரு ஆட்டம் ஆடலாமோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது உங்க ஊர் வழக்கம் சார். நான் எதுவும் சொல்லக் கூடாது."

திரும்பி வரும்போது காருக்குள் முழுக்க மச்சான்தான் கதைத்தார்.

"காலமை தேப்பனுக்குக் கொள்ளி வைச்சிட்டுப் பின்னேரம் கட்டைக் களிசானோட பந்தடிக்கிற மகனை நான் எங்கயும் காணேல்லை. ஊர் காறித் துப்பும்."

"ஊர் எங்க மச்சான் இருக்கு? இஞ்ச ஐம்பது குடும்பம்."

"அந்த ஐம்பதும்தான் உன்ர செத்த வீட்டுக்கு வரப்போகுது. உன்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கும் அதுதான் வரும்."

நான் அவருக்கு அந்த முழுநேர அணியைப் பற்றிச் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வருசமும் பந்து உருண்டையாத்தானே இருக்கும்" என்றார்.

மனைவி மட்டும், "நீங்கள் போங்கோ. அண்ணையை நான் பாக்கிறன்" என்றாள். "மாமா இருந்தா உங்களைப் போகச் சொல்லியிருப்பார்."

"இல்லையே" என்றேன்.

நான் ஆட்டத்தை விட்டது மச்சானுக்காக இல்லை. ஐம்பது குடும்பத்துக்காகவும் இல்லை. அப்பாவுக்கு உயிரோடு இருக்கும்போது நான் ஒன்றும் செய்யவில்லை. சண்டைக்குள் விட்டுவிட்டு வந்தேன். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கோச்சுக்குப் போன் செய்தேன். என் இங்கிலீஷ் அந்த நேரம் இன்னும் மோசம்.

"கவலை. எப்ப செத்தவர்?"

"ரெண்டு கிழமை."

"அடக்கம் எப்ப?"

"அங்க எரிச்சாச்சு."

"அப்ப சனிக்கிழமை என்ன?"

"இஞ்ச எரிக்கோணும்."

"எதை?"

"புல்லிலை மனிசன் செய்வம்."

"புல்லிலையோ" என்றார்.

"ஓம்."

"எத்தினை மணிக்கு முடியும்?"

"பத்துக்கு முடியும். பிறகு முப்பத்தொரு நாள் வரேலாது."

"நீ கேள். அந்த ஆள் சனிக்கிழமை வாறான்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் மச்சான் பின்வளவில் வைத்து எனக்குத் தலை மழித்தார். பிளேடு புதியதில்லை. பிறகு மனுக்காவ் கடற்கரைக்குப் போனோம். மழைத்தூறல். அங்கே வெளியில் நெருப்பு மூட்டக்கூடாது. அதனால் மச்சான் சூப்பர் மார்க்கெட்டில் அலுமினியத் தட்டு வாங்கி வந்தார். இறைச்சி வாட்டிவிட்டு எறிகிற தட்டு. அதற்குள்தான் அப்பாவை வைத்தோம். ஐயர் வேட்டிக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டிருந்தார். தர்ப்பை ஈரம், பிடிக்கவில்லை. நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று, "சொசேஜா?" என்று கேட்டாள். ஐயர் "நோ, மேடம்" என்றார். நான்காம் குச்சியில் பிடித்தது.

பின்னேரம் வீட்டில் பாய் போட்டு இருந்தோம். ஆட்டம் நடக்கிற மைதானம் கிட்டத்தான். காற்று எங்கள் பக்கம். விசில் கேட்டது. ஆட்கள் வந்து கையைப் பிடித்துவிட்டு இருந்தார்கள். ஒருவர் கொழும்பில் காணி விலையைப் பற்றிக் கதைத்தார். ஒரு தரம் பெரிய சத்தம் எழும்பியது. ஆரோ கோல் அடித்திருக்கிறார்கள். ஆர் பக்கம் என்று தெரியவில்லை. கூட்டம் குறைவு, சத்தத்தில் பிரிக்க ஏலாது.

அடுத்தநாள் சமோவாக்காரன் வந்தான். பெரிய தட்டு நிறையச் சாப்பாடு. அவர்களுக்கும் செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் இல்லை. மாட்டிறைச்சி. மச்சானின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வெளியே வைத்தார்.

"மூண்டுக்கு ஒண்டு. தோத்திட்டம்" என்றான். "என்னை எடுக்கிறாங்கள் போலை. அவன் உன்னைக் கேட்டவன். அப்பா செத்திட்டார் எண்டு கோச் சொன்னவர். குடும்பம் எண்டா குடும்பம்தான் எண்டு சொன்னவனாம். சீசன் முடியிற கடைசி ஆட்டத்துக்குத் திரும்ப வருவானாம். உன்னைப் பாக்க மட்டும்."

அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். வெளியே நின்று சாப்பிட்டேன்.

முப்பத்தொராம் நாள் மச்சான் பெரிதாகச் செய்தார். வீட்டில் கால் வைக்க இடமில்லை. அப்பாவின் படம் ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை. என் கலியாணப் படத்தில் ஒரு ஓரத்தில் நின்றார். மச்சான் அதை வெட்டிப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார். என் தோள் ஒன்றும் அதற்குள் தெரிந்தது.

அடுத்தநாள் பயிற்சிக்குப் போனேன். கோச் கையைப் பிடித்தார். ஓடவிட்டார். மூச்சு வாங்கியது, ஆனால் கால் மறக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. முதல் கிழமை ஆட்டத்தில் என்னைப் போட்டார். எதிரணி எங்கள் பக்கத்தால் ஒன்றும் அடிக்கவில்லை. "அடுத்த சனியும் இதைத்தான் செய்" என்றார்.

திங்கட்கிழமை பின்னேரம் அக்கா எடுத்தாள். இந்தத் தரம் நான்தான் போனை எடுத்தேன்.

"தம்பி, நீ இருந்துகொண்டு கேள்."

"சொல்லு."

"அப்பா எனக்குப் பக்கத்தில நிக்கிறார்."

மறுபக்கத்தில் போன் கை மாறியது.

"டேய்."

குரலை எனக்குத் தெரியும்.

"என்னடா, பேய் கதைக்குதெண்டு பயந்திட்டியோ?"

"எங்கயணை இருந்தனீங்கள்?"

"சனம் ஓட நானும் ஓடிப்போட்டன். கிளாலியால வன்னிக்குப் போய்க் காய்ச்சலில கிடந்தன். முந்தநாள்தான் கொழும்புக்கு வந்து சேந்தது. உன்ர அக்கா என்னைக் கண்டு கதவைச் சாத்திப்போட்டாள். மொட்டை அடிச்சனியாமே?"

"ஓம்."

"வளந்திட்டுதோ?"

"வளருது."

"முப்பத்தொண்டுக்கு எத்தினை கறியடா வைச்சனீங்கள்?"

"ஒன்பது."

"கத்தரிக்காய்?"

"இருந்தது."

"நான் அண்டைக்கு ஒரு கொட்டிலுக்கை கஞ்சி குடிச்சுக்கொண்டிருந்தன். ஒரு கறியை இஞ்சால அனுப்பியிருக்கலாம்." அவர் சிரித்தார். இருமல் வந்தது.

"அப்ப வீட்டில செத்தது ஆர்?"

சிரிப்பு நின்றது. "தெரியாது. கதவைப் பூட்டாமல்தான் போனனான், ஓடி வாற சனம் ஒதுங்கட்டுமெண்டு. ஆரோ ஒரு கிழவன் ஒதுங்கியிருக்கு."

"பிள்ளையள் இருந்திருப்பினமோ?"

"ஆர் கண்டது. எங்கயாவது இருப்பாங்கள். தேப்பன் உயிரோட இருக்கிறாரெண்டு நினைச்சுக்கொண்டு."

அன்றைக்கு அழுதேன். குளியலறைக்குள், தண்ணீரைத் திறந்துவிட்டு. ஒருவரும் காணவில்லை.

வீட்டில் கொண்டாட்டம். மச்சான் ஐம்பது குடும்பத்துக்கும் போன் எடுத்தார். படத்திலிருந்த மாலையைக் கழற்றினார். "கொள்ளி வைச்ச ஆளுக்கு இனி நூறு வயசு" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைப் பார்த்து, "என்ன மூஞ்சையை நீட்டி வைச்சிருக்கிறாய்? சந்தோசப்படு மச்சான்" என்றார்.

"சந்தோசம்தான்" என்றேன். பொய் இல்லை. அப்பா இருக்கிறார். அதற்கு மேல் ஒரு மகன் என்ன கேட்கலாம். கேட்டால் அது என்ன கேள்வி.

செவ்வாய்க்கிழமை உடுப்பு மாற்றும் அறையில் சமோவாக்காரனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நல்ல செய்தி அல்லவா. நல்ல செய்தியை எப்படி ஒளிப்பது என்று நான் பழகவில்லை.

அவன் இரண்டு கையையும் தூக்கிக் கடவுளுக்கு நன்றி சொன்னான். முழு அறைக்கும் கேட்கக் கத்தினான். "புரொபெசரின்ர அப்பா உயிரோட இருக்கிறார்!"

முன்னால் ஆடுகிற ஒருவன் கேட்டான்: "அப்ப புல்லிலை எரிச்சது ஆரை? அம்மாவையோ?"

சிரித்தார்கள். இன்னொருவன், "எனக்கும் ஒரு மாசம் லீவு வேணும் கோச். என்ர அப்பா நாளைக்குச் சாகப்போறார், கிறிஸ்மஸுக்கு வந்திடுவார்" என்றான். இன்னும் சிரித்தார்கள்.

கோச் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"உண்மையோ?"

"ஓம். நேற்றுக் கதைச்சவர்."

"ரெண்டு கிழமைக்கு முதல் எரிச்சாச்சு எண்டு நீதானே சொன்னாய்?"

"அது வேற ஆள்."

"வேற ஆள்."

"ஓம். வீட்டுக்கை இருந்த ஆள்."

"ஆர்?"

"தெரியாது."

நான் சொன்னது எல்லாம் சரி. ஆனால் என் இங்கிலீஷில் அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. தமிழில் சொல்லியிருந்தாலும் அந்த அறைக்குள் அது பொய் மாதிரித்தான் கேட்டிருக்கும்.

"உன்னைப் பாக்க ஆள் வந்த கிழமைதான் உன்ர அப்பா செத்தவர்" என்றார். "நான் இருபது வருசமா ஆட்டக்காரரைப் பாக்கிறன். பெரிய நாளைக்குத் தொடை பிடிக்கிறவனைக் கண்டிருக்கிறன், சத்தி எடுக்கிறவனைக் கண்டிருக்கிறன். அப்பாவைச் சாகடிச்சவனை இப்பதான் காணுறன். நீ பயந்திட்டாய்."

பெக் ஆடுகிறவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. மூக்கை உடைத்தாலும் பரவாயில்லை.

அவர் சமோவாக்காரன் பக்கம் திரும்பினார். "நீ அந்த வீட்டில நிண்டனிதானே, போன் வரேக்கை?"

"ஓம்."

"எப்பிடி இருந்தவன்?"

அவன் என்னைப் பார்த்தான். கோச்சைப் பார்த்தான். அவன் பொய் சொல்லாத ஆள். ஞாயிறு தவறாமல் தேவாலயம்.

"எல்லாரும் அழுதவை" என்றான். "நானும் அழுதனான்."

"இவன்?"

"இவன் அழேல்லை. பூட்ஸுக்கு நாடா கோத்தவன்."

அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இல்லை. கோச் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். நானும் போனேன். மைதானத்தில் அன்று முழுப் பயிற்சியும் செய்தேன். ஒருவரும் என்னை இடிக்கவில்லை. அதுவே எனக்குப் பதில்.

அந்தச் சனிக்கிழமை பெயர் வாசித்தபோது என் பெயர் இல்லை. மாற்று ஆட்களிலும் இல்லை. நான் கம்பி ஓரம் நின்று பார்த்தேன். முழுநேர அணியின் ஆள் வந்தான். நீலக் குடை. கோச் அவன் காதுக்குள் ஏதோ சொன்னார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கொஞ்சம் சிரித்தான். நான் போய் அவனிடம் கதைத்திருக்கலாம். கிளாலி என்றால் என்ன, செல் என்றால் என்ன, துடக்கு என்றால் என்ன என்று எல்லாம் சொல்லி முடிக்க அந்த மனிதன் எவ்வளவு நேரம் குடை பிடிப்பான். போகவில்லை. என் இடத்தில் ஆடியவன் இரண்டு பிழை விட்டான். ஒன்று கோல் ஆனது. அந்த ஆள் அவனுடைய வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனான். இருபது.

கவர் அதோடு நின்றது. அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. சமோவாக்காரனுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. கையெழுத்து வைத்த அன்று தன் ரானுயி வீட்டிலிருந்து எங்களிடம் வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நான் பொய் சொல்லேல்லை, புரொபெசர்."

"ஓம். நீ பொய் சொல்லேல்லை."

"அவர் கேட்டவர்."

"ஓம்."

"உள்ளை வரட்டோ?"

"பிள்ளை நித்திரை" என்றேன். பிள்ளை அவனுக்குப் பின்னால் முற்றத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர் கொழும்பில் அக்காவோடு இருந்தார். மாதத்துக்கு ஒரு தரம் கதைப்போம். "பந்து எப்பிடி?" என்று கேட்பார்.

"விட்டிட்டன்."

"ஏன்?"

"முழங்கால்."

"எண்ணெய் போடு."

"ஓம்."

சொன்னால் அவர் என்ன செய்வார். செத்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன் என்று நினைப்பார். நான் அப்படி நினைக்கவில்லை. நினைத்தேனா என்று என்னை நானே கேட்டதும் இல்லை.

தோல் தொழிற்சாலையில் ஃபோர்மன் ஆக்கினார்கள். தனி வீடு பிறகு வந்தது, பந்தால் அல்ல. மனைவி இன்னும் என் சேட்டைத் தனியாகத்தான் தோய்க்கிறாள்.

தொண்ணூறுகள் முடியும் நேரம் மச்சான் பெரிய வீடு ஒன்று வாங்கிப் பால் காய்ச்சினார். ஐம்பது குடும்பம் இப்போது ஐந்நூறு. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒருவனும் வந்திருந்தான். அந்த முழுநேர அணியைப் பற்றி ஆரோ கதைக்க, மச்சான் என் தோளில் கையைப் போட்டார்.

"எங்கட மச்சானும் புரொபெஷனல்தான், தெரியுமோ? எங்கட சனத்தில முதல் ஆள். இவரை மறிச்சுப் பந்து போகாது. நான்தான் இவரை இஞ்ச எடுத்தது."

"அப்படியா சார்?" என்றான் அந்த மாணவன். எழும்பியே விட்டான். "முன்னாடி ஆடுவீங்களா?"

"பின்னால."

"ஏன் சார் விட்டுட்டீங்க?"

மச்சான் எனக்கு முந்திப் பதில் சொன்னார். "குடும்பம் தம்பி. குடும்பமெண்டு வந்தா இதெல்லாம் ஏலுமோ?" சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நல்ல பதில் என்று அவர்களுக்குப் பட்டது.

நான் பால் குடித்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"காசு வாங்கி மொத்தம் எத்தனை மேட்ச் சார் ஆடியிருப்பீங்க?"

அது எனக்குத் தெரியும்.

"நாப்பத்து மூண்டு."